சோற்று வரிக்குப் பிறகு

திருநாவுக்கரசு என்று பெயர் வைத்துக்கொண்டு, நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் வேலைக்குப் போகாத நான், ஒரு கிறிஸ்தவக் கோயில் விஷயத்தைச் சொல்ல வந்திருப்பது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என் பக்கத்து வீட்டில். நடுவில் இருப்பது ஒன்பது அங்குலச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலைக்காரர்கள் வாங்கிய மனைகள் எல்லாம் இப்படித்தான், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும்.

பக்கத்து வீட்டு ஞானசேகரனும் நானும் ஒரே ஷிப்ட். சர்க்கரைப் பாகு காய்ச்சும் பெரிய கலத்துக்கு ஆலையில் பேன் என்று பெயர். அவன் பேன்மேன். பாகில் மணி கட்டும் பதத்தைப் பார்த்து இறக்குவது அவன் வேலை. இறக்கியதைச் சுழற்றி மொலாசஸ் என்கிற கழிவுப்பாகு தனியாக, சர்க்கரை தனியாகப் பிரிக்கிற மெஷின் என்னுடையது. அவன் பதம் தவறினால் என் மெஷினில் சனியன் பிடிக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் பதம் தவறியதை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அவன் மனைவி சுகிர்தம் குடிவந்த அன்றே என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். அதனால் ஞானசேகரன் எனக்கு மச்சான் ஆகிவிட்டான். சாதி, மதம் எதையும் கேட்காமல் ஒரு தையல்காரி போட்ட முடிச்சு அது.

சுகிர்தம் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். மெஷின் ஓடுவதைவிட அவள் வாய் வேகமாக ஓடும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அளவு கொடுக்காமலே எழுந்து போவார்கள். என் பெண்டாட்டி தில்லையம்மாளுக்குத் தெருச் செய்தி எல்லாம் அங்கிருந்துதான் வரும். நானும் திட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொள்வேன்.

இந்தக் குடும்பத்துக்கு ஆலைச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கோயில் உண்டு. சர்ச் என்று நாம் சொல்வோம், அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். நாற்பது, நாற்பத்தைந்து குடும்பம். ஐயர் என்று அவர்கள் சொல்கிற பாதிரியார் மாதம் ஒரு முறை கடலூரிலிருந்து வருவார், மற்ற ஞாயிறுகளில் உள்ளூர் உபதேசியாரோ சபைப் பெரியவரான மூப்பரோ ஆராதனை நடத்துவார்கள். மூப்பர் வேறு யாருமில்லை, சுகிர்தத்தின் கூடப்பிறந்த அண்ணன் ஜெயப்பிரகாஷ்தான். திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார்.

கொரோனா நேரத்தில் கோயிலைப் பூட்டினார்கள். ஞானசேகரன் போனில் பிரசங்கம் கேட்க ஆரம்பித்தான். முதலில் ஒருவர், பிறகு மூன்று பேர், பிறகு கணக்கில்லை. நோட்டுப் போட்டு எழுதினான். கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன, எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன என்று டீக்கடையில் எனக்கே சொல்லிக் கொடுத்தான். எனக்குச் சந்தோஷம்தான், மச்சான் அறிவாளி ஆனால் எனக்கும் பெருமைதானே. ஆனால் கோயில் திறந்த பிறகு போன அவனுக்கு அங்கே எல்லாம் தப்பாகத் தெரிந்தது. பாட்டு இழுக்கிறார்கள், வாசிப்பில் திக்குகிறார்கள், ஜெபத்தைத் தப்பான இடத்தில் நிறுத்துகிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ வாய்த்தகராறு ஆகி, அன்றோடு கோயிலுக்குப் போவதை விட்டான்.

“இருவது வருஷம் கோயிலுக்குப் போயி கத்துக்காதத மூணு வருஷத்துல போன்ல கத்துக்கிட்டேன் மச்சான்,” என்பான். “நாலு செவுத்துக்குள்ளதான் கடவுள் இருக்காரா? நான் ஊட்லயே வளந்துக்குறேன்.”

“வளந்து வளந்து மோட்டுல தல இடிக்கப் போவுது,” என்று உள்ளேயிருந்து சுகிர்தம் குரல் வரும். “ஏண்ணா, ஒத்தையில குந்திக்கினு ஜெபத்துல ‘எங்கள், எங்கள்’னு சொல்றாரே, யாரு அந்த எங்கள்? இவரும் அந்த போனுமா?”

அவள் சில மாதம் தனியாகக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்ததும், “இன்னைக்கும் நிறுத்துனாங்களா?” என்று அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் அவளும் நின்றுவிட்டாள். “சண்ட வேணாம்ணா,” என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முன்னாலெல்லாம் ஷிப்டில் எவனுக்காவது பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால், நீ போ நான் பாத்துக்குறேன் என்று சொல்கிற முதல் ஆள் ஞானசேகரன். இந்த மூன்று வருஷத்தில் அது இல்லை. எதைச் சொன்னாலும் அதில் என்ன தப்பு என்று பார்க்கிற கண் வந்துவிட்டது அவனுக்கு. அறிவு ஏறியது, ஆள் சுருங்கினான். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் காலை. பனி இன்னும் விலகவில்லை. கரும்பு டிராக்டர்கள் ஆலை கேட்டிலிருந்து எங்கள் தெருமுனை வரை வரிசை கட்டி நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. பிறகு ஏதோ விழுகிற சத்தம். தில்லையம்மாள்தான் முதலில் ஓடினாள். சுகிர்தம் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். வாய் கோணியிருந்தது. வலது கையில் பாதி தைத்த பச்சை ஜாக்கெட்.

கடலூர் பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். பக்கவாதம், உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. பேச்சு மட்டும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால், ‘த்தே’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. தண்ணீருக்கும் த்தே, மகளுக்கும் த்தே, வலிக்கும் த்தே. எத்தனை பேச்சுப் பேசின வாய் அது! நான் வாசல் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவர்கள் மகள் அனுப்பிரியா சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடத்திடம் தேதி வாங்கினாள். நானும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடப் போனேன். அந்த மேடத்தின் பெயர் காயத்ரி. அனுப்பிரியாவை விட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். அவசரப்படாத முகம்.

“நெனச்சிப் பேசுற பேச்சு ஒரு பக்கம் இருக்குங்கய்யா. மனப்பாடமா வர்றது இன்னொரு பக்கம்,” என்றார் அவர். “ஒண்ணு ரெண்டு எண்றது, பாட்டு, சாமி கும்பிடறப்ப சொல்றது, இதெல்லாம் சில பேருக்கு அப்படியே மிச்சம் இருக்கும். அம்மாவுக்குச் சின்ன வயசுலேருந்து தெனம் சொல்லிப் பழகுனது ஏதாவது இருக்கா?”

“பரமண்டல ஜெபம்,” என்றாள் அனுப்பிரியா உடனே. “நாலு வயசுலேருந்து சொல்லுது மேடம்.”

“அதுலேருந்தே ஆரம்பிங்க. அவுங்கள தனியா சொல்லச் சொல்லாதீங்க. நீங்க கூடச் சேந்து சொல்லுங்க. அவுங்க பழகுன மாதிரியே, அதே ராகம், அதே வேகம். மாத்தாதீங்க. ஒரு எடத்துல புடிச்சிக்கிட்டா மெதுவா மத்த பேச்சும் வரும்.”

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். கடலூர் தாண்டியதும் ஆலை மொலாசஸ் வாடை வந்தது. சுகிர்தம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, நல்ல பக்கத்து உதட்டால் கொஞ்சம் சிரித்தாள்.

அன்று சாயந்திரமே ஆரம்பித்தார்கள். தில்லையம்மாள் ரசம் ஊற்றிக் கரைத்த சோறும், முள்ளெடுத்த மீனும் கொண்டுபோய் ஊட்டி முடித்தாள். ஞானசேகரன் சுகிர்தத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபத்தைத் தொடங்கினான். நான் கதவோரம் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. த்தே என்று மட்டுமே சொன்ன நாக்கு, அவன் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. குழறல்தான், ஆனால் சொற்கள். கடவுளைப் பிதாவே என்று கூப்பிடுகிற வரி வந்தது. அவர் சித்தம் பூமியில் நடக்கட்டும் என்கிற வரி வந்தது. இன்றைக்கு வேண்டிய சோற்றைக் கேட்கிற வரி வந்தது. ‘தாரும்’ என்று அந்த வரி முடிந்ததும் அவள் நின்றாள்.

அவன் நிற்கவில்லை. அடுத்தது மன்னிப்பு வரி, எங்களுக்குத் தப்புச் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்பது. அதைச் சொல்லிக்கொண்டே போனான். அவள் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை அவன் பக்கம் காட்டினாள்.

“சொல்லு சுகிர்தம், சொல்லு. நிக்காத,” என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். அவளுக்குப் பிடி விட்டுப்போனது. த்தே, த்தே என்று இரண்டு முறை சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளும் இதே. அடுத்த நாள் போனில் ஒரு பெரிய பிரசங்கியார் ஜெபத்தைப் போட்டுப் பார்த்தான். அந்தக் குரல் மழைபோல நிற்காமல் ஓடியது. அவள் சோற்று வரிவரை வந்தாள், நின்றாள், கையைத் தூக்கினாள், அழுதாள். ஒரு வாரம் ஆனது. எட்டாம் நாள், அவன் நாற்காலியை எடுத்துப் போட்டதும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு ஜெபத்துக்கே வாய் திறக்கவில்லை. சிதம்பரத்து மேடம் போனில் கவலைப்பட்டார். இப்போது விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம் என்றார்.

“ஏன்டா அந்த எடத்துலயே நிக்குது?” என்று ஞானசேகரனைக் கேட்டேன்.

“அந்த எடத்துல நரம்பு அறுந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கொடியில் துணி எடுக்கப் போனான். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தவனுக்கு ஒருவன் பொய் சொல்வது தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆலைச் சாலைக்கு அப்பாலிருந்து மணிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் சுகிர்தம் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைப்பாள். கதவைக் காட்டுவாள். “இந்த நெலமையில அங்க போயி காட்சிப் பொருளா குந்தப் போறியா?” என்று அவன் மறுத்துவிடுவான். அவள் காலைத் திரும்ப மேலே தூக்கி வைத்துக்கொள்ள நாங்கள்தான் உதவுவோம்.

நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் திருப்பாதிரிப்புலியூருக்குப் பஸ் ஏறினேன். ஜெயப்பிரகாஷ் கடையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பியைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி எப்பிடி இருக்குதுங்க? ஆஸ்பத்திரியில மச்சான் இல்லாத நேரமா பாத்துப் பாத்துப் போயிட்டு வந்தேன். ஊட்டுக்கு வந்தா சண்ட வந்துடும்னு பயம்.”

நான் நடந்ததைச் சொன்னேன். சோற்று வரிக்குப் பிறகு நிற்கிறாள், கையைத் தூக்குகிறாள் என்று சொன்னபோது அவர் எழுந்துவிட்டார். கை எல்லாம் வார்னிஷ். அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயோ, அது நிறுத்தம்ங்க. எங்க நிறுத்தம்.”

“என்னா நிறுத்தம்?”

“எங்க கோயில்ல மட்டும் ஆகாரம் கேக்குற வரி முடிஞ்சா எல்லாரும் நிப்போம். பத்து எண்ற அளவு. அப்பறம்தான் மன்னிப்பு வரி. வேற எந்தக் கோயில்லயும் இது கெடையாது. அந்தக் காலத்துல பாக்கியநாதன்னு ஒரு உபதேசியார் இருந்தாரு. அவுருக்கு ஈளை, அந்த எடத்துல மூச்சு வாங்கும், அதனால சபையே காத்திருந்து பழகிடுச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு. எங்கம்மா வேற மாதிரி சொல்லும். அவுருக்கும் அவுரு தம்பிக்கும் வாய்க்கா தண்ணியில பெரிய சண்டையாம். ஒரு ஞாயித்துக்கெழம மன்னிப்பு வரி வர்றப்ப தம்பி எதுத்தாப்புல குந்தியிருக்கான். இவுருக்கு வாய் வரல. நின்னுட்டாரு. சபையே நின்னுச்சு. தம்பி எந்திரிச்சி வந்து பக்கத்துல நின்னப்பறம்தான் அடுத்த வரி வந்துச்சாம். எது நெசம்னு யாருக்குங்க தெரியும்? நிறுத்தறது மட்டும் நெசம்.”

“எதுக்கு அதுல சண்ட?”

“மச்சான் போன் பாத்து இது தப்புன்னாரு. தப்புதான். பொஸ்தகத்துல அப்பிடி இல்ல. சொன்னா யாரும் கேக்கல. ஒரு ஞாயித்துக்கெழம நாங்க எல்லாரும் நிக்கிறோம், அவுரு மட்டும் நிக்காம மன்னிப்பு வரிய கணீர்னு சொல்லிக்கினு போறாரு. புள்ளைங்க சிரிச்சிடுச்சி. நானும் சிரிச்சேன். அதோட உட்டனா? வெளிய வந்து, ‘எங்க மச்சான் எக்ஸ்பிரஸ் வண்டி, நம்ம ஸ்டேசன்ல நிக்காது’ன்னு சொல்லிட்டேன். அன்னையிலேருந்து எல்லாரும் அவுர எக்ஸ்பிரஸ்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு வாரம் பொறுத்தாரு, அப்பறம் வரல.” கம்பியை எடுத்தார், மறுபடியும் கீழே வைத்தார். “அம்மாம் வருஷம் மன்னிப்பு வரி சொன்ன வாயிதாங்க இது. ஒரு தடவ ஊட்டுக்குப் போயி கேக்க வரல.”

எனக்கு அந்த எக்ஸ்பிரஸ் விஷயத்தில் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. ஞானசேகரனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

மறுநாள் ஷிப்டில் மேலே ஏறிப் பேன் தளத்துக்குப் போனேன். அங்கே அனல். அவன் கலத்திலிருந்து கொஞ்சம் பாகை எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜெயப்பிரகாஷப் பாத்துட்டு வந்தேன்,” என்றேன்.

அவன் கண்ணாடியை இறக்கவில்லை.

“நரம்பு அறுந்துச்சா மச்சான்? நரம்பா அறுந்துச்சு?”

பிறகு கண்ணாடியைத் துடைத்து வைத்தான்.

“தெரியும்,” என்றான். “மொத நாளே தெரியும். கையத் தூக்குனா பாரு, அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“புதுசா கத்துக்குறாளே, சரியா கத்துக்கட்டும்னு நெனச்சேன். தப்பத் திரும்ப எதுக்குப் பழக்கணும்னு நெனச்சேன்.” துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான். “அதுவும் பொய்யி. நான் நின்னா அவன் ஜெயிச்சிடுவான்னு நெனச்சேன். என் பொண்டாட்டி வாயில்லாம கெடக்கா, எனக்கு எவன் ஜெயிக்கிறான்றது கணக்கா இருக்குது. மூணு வருஷமா மன்னிப்பப் பத்தி மட்டும் நாப்பது பக்கம் எழுதி வெச்சிருக்கேன் மச்சான். நோட்டு இருக்குது, காட்டட்டா?”

அவனை அப்படி நான் பார்த்ததில்லை. திட்டத்தான் ஏறிப் போனேன். தோளில் கை வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

“நீயே நின்னு சொல்லிப் பாரேன் ஊட்ல,” என்றேன் இறங்கும்போது.

“நேத்து சொல்லிப் பாத்தேன். மொகத்தத் திருப்பிக்கினா. என்ன நம்பல அவ.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது சுகிர்தம் காலைக் கீழே வைத்தாள். நான் ஆட்டோவோடு வாசலில் தயாராக நின்றேன். தில்லையம்மாள் அவளுக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டாள். அனுப்பிரியா சிதம்பரத்திலிருந்து முந்தின நாளே வந்திருந்தாள். ஞானசேகரன் தடுக்கவில்லை. முன்சீட்டில் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கோயில் வாசலில் இறங்கியதும், “நான் இங்கயே நிக்கிறேன்,” என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

நான் அந்தக் கோயிலுக்குள் போனது அன்றுதான் முதல் முறை. திருநீற்றை அழிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், வேண்டாம் என்று விட்டேன். யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. எல்லாக் கண்ணும் சுகிர்தத்தின் மேல். கரும்பு வெட்டுகிற பெண்கள், ஸ்கூல் டீச்சர், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கொளஞ்சி என்று ஒரு வயதான அம்மா, “எங்கடி போன இம்மா நாளா? உன் எடத்துல ஒருத்தியக் குந்த உடலடி நான்,” என்று அழுதுகொண்டே அவளை இரண்டாம் வரிசைக்கு அழைத்துப் போனாள். அந்த இடத்தில் நிஜமாகவே யாரும் இல்லை. எனக்குக் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

உபதேசியார் ஊரில் இல்லை, ஜெயப்பிரகாஷ்தான் நடத்தினார். பாட்டை இழுக்கத்தான் செய்தார்கள், ஞானசேகரன் சொன்னது பொய்யில்லை. வாசித்த ஆள் மூன்று இடத்தில் திக்கினார். பிறகு எல்லாரும் எழுந்து ஜெபத்தைத் தொடங்கினார்கள்.

நாற்பது ஐம்பது குரல். ஒன்றும் ஒழுங்கில்லை, ஒருவர் முந்த ஒருவர் பிந்த, மாட்டுவண்டி போகிற வேகம். நான் சுகிர்தத்தின் முதுகையே பார்த்தேன். தாடை அசைந்தது. ஒரு பக்கம் அனுப்பிரியா, மறுபக்கம் கொளஞ்சி அம்மா. அவள் குரல் தனியாகக் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். எல்லாக் குரலும் அவளைத் தூக்கிக்கொண்டு போயின. சோற்று வரி வந்தது. தாரும் என்றார்கள். நின்றார்கள்.

அந்த மௌனத்தை நான் எதிர்பார்த்துத்தான் போனேன். மின்விசிறி கரகரத்தது. சாலையில் ஒரு டிராக்டர் போனது. ஒவ்வொருவரும் யாரையோ நினைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. எனக்கும் என் அக்கா நினைவு வந்தது. பேசி எட்டு வருஷம்.

ஜெயப்பிரகாஷ் எங்களைப் பார்த்து நின்றிருந்தார். அவர் கண் திறந்திருந்தது. அது வாசலைப் பார்த்தது. நான் திரும்பினேன். செருப்புகள் கிடக்கும் படியில் ஞானசேகரன் நின்றிருந்தான். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

பத்து எண்ணுகிற நேரம் போனது. அடுத்த வரியை ஜெயப்பிரகாஷ்தான் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. பதினைந்து, இருபது. ஒன்றிரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள். ஒரு குழந்தை ‘அம்மா’ என்றது. ஜெயப்பிரகாஷ் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஞானசேகரன் குனிந்து செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றான். மூன்று வருஷத்துக்கு முன் இதே மௌனத்துக்குள் தனியாகக் கணீரென்று பேசியவன், இப்போது வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றான். கண்ணீர் தாடி வழியாக இறங்கியது.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கரடுமுரடாக, நாக்குத் தடித்த குரல்.

“எங்கள்…”

சபையே காத்திருந்த வரியை சுகிர்தம் தொடங்கிவிட்டாள். ஒரு சொல்தான் தனியாக. அடுத்த சொல்லுக்குள் ஐம்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். மன்னிப்பு வரியை அவள் முழுதாகச் சொன்னாள். அடுத்த வரியும், அதற்கடுத்ததும், ஆமென் வரைக்கும். ஜெயப்பிரகாஷால் அதற்கு மேல் நடத்த முடியவில்லை. அந்த டீச்சர் வந்து மிச்சத்தை நடத்தினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் மச்சான்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஜெயப்பிரகாஷ், “மச்சான், நான் அன்னைக்கு…” என்று ஆரம்பித்தார்.

“வண்டி நின்னுச்சுன்னு சொல்லு போ,” என்றான் ஞானசேகரன். இருவரும் சிரித்தார்கள், சிரிப்பிலேயே அழுதார்கள். யாரோ எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்கள்.

அற்புதம் நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறியதும் அவள் மகளைக் கூப்பிடப் பார்த்தாள், த்தே என்றுதான் வந்தது. ஆனால் மறுநாள் சாயந்திரம் கொளஞ்சி அம்மாவும் கரும்பு வெட்டுகிற இரண்டு பெண்களும் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு மறுநாள் வேறு மூன்று பேர். முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி புட்டு கொண்டு வந்தாள், இன்னொருத்தி சுகிர்தத்துக்குத் தலை வாரிவிட்டாள். சிதம்பரத்து மேடம் கேள்விப்பட்டு, மருந்தைவிட இது பெரிசு என்றார். சித்திரை பிறப்பதற்குள் சுகிர்தத்துக்குத் ‘தண்ணி’ வந்தது, ‘அனு’ வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது தில்லையம்மாளிடம் ‘போதும்’ என்றாள். அதைக் கேட்டுவிட்டு என் பெண்டாட்டி இன்னும் ஒரு கரண்டி போட்டாள், திரும்பவும் சொல்ல வைக்க.

ஆலையில் அரவை முடிகிற வாரம், பேன் தளத்தில் வேலை குறைவாக இருந்தது. நான் ஏறிப்போய் அவனோடு உட்கார்ந்தேன். முந்தின நாள்தான் ஷிப்டில் ஒரு பையனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. நீ போ என்று அவனை அனுப்பிவிட்டு, ஞானசேகரன் இரண்டாம் ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் மச்சான், அந்த நிறுத்தத்துல எம்மா நேரம் எண்ற நீ?” என்றேன் சும்மா.

“எண்றதில்ல. ஒரு நாளைக்கு ஒரு ஆளு. மொதல்ல ஜெயப்பிரகாஷு. அப்பறம் சிரிச்ச புள்ளைங்க. அப்பறம் எக்ஸ்பிரஸ்னு கூப்புட்டவங்க, வரிசையா. நடுவுல உன்னையும் வெச்சிருந்தேன்.”

“என்னையா? நான் என்னா பண்ணேன்?”

“மேல ஏறி வந்து கேட்டியே, நரம்பா அறுந்துச்சுன்னு. ரெண்டு நாளு ஆச்சு உனக்கு.”

அவன் சிரித்தான்.

“இப்ப எல்லாரும் முடிஞ்சிட்டாங்களா?”

“மத்தவங்க முடிஞ்சிட்டாங்க. சுகிர்தத்தண்டதான் நான் மன்னிப்பு கேக்க வேண்டி இருக்குது. எட்டு நாளு அழ உட்டனே. கேட்டா பதில் சொல்ல அவளுக்கு அம்மாம் பேச்சு இன்னும் வரல. அதனால அந்த வரி வர்றப்ப கண்ணத் தெறந்து அவ மொகத்தப் பாக்குறேன். தெனமும் பாக்குறேன்.”

“என்னா தெரியுது?”

அவன் கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே சொன்னான்.

“மத்த வரியெல்லாம் கொழறுது மச்சான். அந்த ஒரு வரி மட்டும் தெளிவா சொல்றா.”